இல்யாஸ் பாய் சுமந்த ஐஸ் பெட்டி

இல்யாஸ் பாய் காலமான செய்தியை அவர் மகள் ஷபானாதான் ஆம்பூரிலிருந்து போனில் சொன்னாள். "அத்தா காலைல போய்ட்டாங்க மேடம்." அழுகை சற்று அடங்கியதும் ஒன்று கேட்டாள்: "என்சைமை வெளிய வெச்சுக் கெடுத்ததாலதான் அத்தாவ லேப்ல இருந்து ஸ்டோருக்கு மாத்தினாங்களா? கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். இன்று இந்த இரங்கல் கூட்டத்தில், ஷபானாவும் இருக்க, அவரோடு வேலை பார்த்த உங்கள் எல்லார் முன்னாலும் பதில் சொல்வதுதான் நியாயம்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். வேலூரில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் நான் ஆசிரியை, அவர் டெக்னீஷியன். தோலிலிருந்து முடியை நீக்கத் தோல் பதனிடும் ஷெட்டுகளில் போடும் சுண்ணாம்பும் சல்ஃபைடும் பாலாற்றைக் கெடுத்துக்கொண்டிருந்தன. அதே வேலையைச் செய்யும் நொதி ஒன்றை ஒரு மண் பாக்டீரியா சுரந்தது. அதற்கான மரபணுவை வெட்டியெடுத்து, சுலபமாக வளரும் வேறொரு பாக்டீரியாவுக்குள் சேர்க்கப் பார்த்தோம். வெட்டுவது ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம். அதுவும் ஒரு நொதிதான். கண்ட இடத்தில் வெட்டாது, டி.என்.ஏ.வில் தனக்கென்று உள்ள ஆறெழுத்து வரிசையைத் தேடி, அங்கே மட்டும் வெட்டும். அதே என்சைம் வெட்டிய இன்னொரு முனையோடு அந்த முனை ஒட்டிக்கொள்ளும். தோல் வெட்டும் குடும்பத்தில் பிறந்த பாய் சிரித்தார்: "எங்க ஆளுங்களே இவ்ளோ கரெக்டா வெட்ட மாட்டாங்க மேடம்."

சென்னையிலிருந்து அந்த என்சைம் இருக்கும் சின்ன ட்யூபை ஐஸ் நிரப்பிய தெர்மகோல் பெட்டியில் பஸ்ஸில் கொண்டுவருவார். பெட்டியை மடியை விட்டு இறக்கமாட்டார். "இன்னா பாய், மீனா?" என்று பக்கத்து சீட்காரர் கேட்டாராம். "மீனவிட ஜாஸ்தி வெல" என்றாராம் இவர்.

பழைய ஃப்ரீசரில் ஐஸ் சுரண்டுவது எனக்குப் பெரிய பேஜார். ஐஸே கட்டாத புது ஃப்ரீசர் ஒன்றை வாங்கவைத்து, எல்லா ட்யூபையும் அதற்கு மாற்றினேன். சில வாரங்களில் என்சைம் வெட்டுவதை நிறுத்திவிட்டது. "புதுப் பெட்டி சரியில்ல மேடம். நடுநடுவுல ட்யூப் வேர்க்குது. பழசுக்கே மாத்திடலாம்" என்றார் பாய். "எனக்கே பாடம் எடுக்கறீங்களா?" என்று எரிந்து விழுந்தேன். நிர்வாகம் விளக்கம் கேட்டது. இல்யாஸ் ட்யூபுகளை வெளியே வைத்துக் கெடுத்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் ஸ்டோருக்குப் போனார்.

அடுத்த ட்யூபோடு வந்த தாளை அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். தானாக ஐஸ் உருக்கும் ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, அது அடிக்கடி சூடாகும் என்று அச்சடித்திருந்தது. அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். பழைய ஃப்ரீசரில் வைத்துச் செய்ததும் என்சைம் ஒழுங்காக வெட்டியது. ஸ்டோருக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

"வெட்டிடுச்சா? சந்தோஷம் மேடம். எந்தப் பெட்டில வெச்சீங்க?"

"பழசுல."

என்னை ஒருமுறை பார்த்தார். "உக்காருங்க, டீ சொல்றேன்" என்றார். குடித்துவிட்டு வந்தேன். எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெறவில்லை. பயம், பேர் கெட்டுவிடும் என்ற பயம். ஓய்வு பெறும்வரை அவர் ஸ்டோரிலேயே இருந்தார்.

அவருடைய தெர்மகோல் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. மூடியில் அவர் கையெழுத்து: "வெயிலில் வைக்காதே."

ஷபானா, கேட்டாயே கண்ணு. உன் அத்தா எதையும் வெளியே வைக்கவில்லை. கெடுத்தவள் நான்.