கயிற்றுக்கு வெளியே நின்ற ஈவன்

செய்த வேலைக்குக் கூலி வாங்கினார் என்பதற்காக ஒருவரை ஆயுள் முழுக்கத் தள்ளிவைக்கலாமா? கூடாது என்றுதானே சொல்வீர்கள்? ஈவன் ப்ராஸரைத் தள்ளிவைத்தவர்களும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

1985இல் டெக்சாஸின் ரிச்சர்ட்சனில் மகள் வீட்டில் இருந்த ஈவனுக்கு வயது எழுபத்தெட்டு. சனிக்கிழமைதோறும் உள்ளூர் ரக்பி கிளப்பின் ஆட்டம் பார்க்க வருவார். மைதானத்தைச் சுற்றிக் கம்பு நட்டுக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நிற்பார். ஒருநாள் பந்து அவர் காலடிக்கே உருண்டு வந்தது. எறியச் சொல்லி எல்லோரும் கத்தினார்கள். அவரோ இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் நுழைத்துக்கொண்டார்.

பந்தெடுக்க ஓடிவந்தவர் செல்வராஜா. யாழ்ப்பாணத்துக்காரர், டெலிகாம் எஞ்சினியர், கொழும்பில் ரக்பி ஆடியவர். ஏன் என்று கேட்டார்.

"எனக்கு அனுமதியில்லை" என்றார் ஈவன்.

ஆட்டம் முடிந்தபின் கதை வெளிவந்தது. வேல்ஸில் பதினான்கு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர் ஈவன். ஊர் அணியில் அவர் ஆடியது யூனியன் ரக்பி. அதில் ஆட்டத்துக்குக் காசு வாங்குவது பாவம். சுரங்கம் மூடி, வீட்டில் அடுப்பெரியாத நேரத்தில், காசு கொடுத்து ஆடவைக்கும் இன்னொரு வகையான லீக் ரக்பியில், வட இங்கிலாந்து அணி ஒன்று சம்பளம் தருவதாகக் கூப்பிட்டது. போனார். அவ்வளவுதான் குற்றம். இனி எந்த யூனியன் மைதானத்திலும் ஆடக்கூடாது, பயிற்சி தரக்கூடாது, கோட்டோரம் கொடிகூடப் பிடிக்கக்கூடாது என்று யூனியன் ஆயுள்தடை போட்டது. ரிச்சர்ட்சன் கிளப்பும் ஆடுவது யூனியன்தான்.

வடக்கே வாரமெல்லாம் எரிவாயு ஆலையில் கரி அள்ளினார். சனிக்கிழமை தன்னைப்போல் இருமடங்கு பருத்தவர்களை இடுப்பைப் பிடித்துச் சாய்த்தார். ஓர் இறுதியாட்டத்தில் தோளெலும்பு முறிந்த பிறகும் அந்தக் கையை உடம்போடு கட்டிக்கொண்டு, மற்றக் கையால் பந்தை அணைத்தபடி எதிரணியின் கோட்டைத் தாண்டி விழுந்து புள்ளி எடுத்தார். எலும்பும் சதையும் செய்த பிரமாண்டம் அது! ஆனால் தாயின் சாவுக்கு ஊர் திரும்பியபோது, தெருவில் கைகுலுக்கிய பழைய தோழர்கள் கிளப் வாசலில் அவரை விட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

கூலி தேவைப்படாத கனவான்கள் எழுதிய விதி. தீட்டு எல்லாத் தேசத்திலும் உண்டு, பெயர்தான் வேறு.

அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தைத் தொடங்கும் முதல் உதையை ஈவன் உதைக்கட்டும் என்றார் செல்வராஜா. கிளப் தலைவர் டாக்டர் தர்மராசா ஒப்பவில்லை.

"ரூல் எண்டா ரூல், செல்வா. யூனியன்காரருக்குத் தெரிஞ்சா கிளப்பையே தடை செய்துபோடுவாங்கள்."

"நீங்கள் சும்மாவோ ஒப்பரேசன் செய்யிறியள், டொக்டர்?"

"அது தொழிலடா!"

"அந்தாளுக்கு இதுவும் தொழில்தான். சாதி சொல்லிக் கோயிலுக்க விடேல்லை எண்டு ஊரில சண்டை பிடிச்சனாங்கள். இங்க நாங்களே வாசலை மறிக்கிறமோ?"

"லெக்சர் அடிக்காத. அவர் கயிறு தாண்டக்கூடாது."

"சரி. தாண்டமாட்டார்."

சனிக்கிழமை ஈவன் வழக்கமான இடத்தில் நின்றார். ஆட்டக்காரர்கள் அவருக்கு முன்னால் இருந்த கம்புகளைப் பிடுங்கினார்கள். கயிற்றோடு கொண்டுபோய் அவருக்குப் பின்னால் நட்டார்கள். அவர் ஓரடிகூட நகரவில்லை. இப்போது மைதானத்துக்குள் இருந்தார்.

திரும்பிக் கயிற்றைப் பார்த்தார். கைகள் மெல்லப் பையிலிருந்து வெளியே வந்தன. செல்வராஜா கொடுத்த பந்தைக் கீழே விட்டு, துள்ளி எழும்போது உதைத்தார். எழுபத்தெட்டு வயதுக் கால்! பந்து ஏறியது, ஏறிக்கொண்டே போனது. பிடிக்க வேண்டியவர்கள் ஓட மறந்து அண்ணாந்து நின்றார்கள். டாக்டர் மட்டும் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். கிளப்பை யாரும் தடை செய்யவில்லை.

உங்கள் சங்கத்தில், உங்கள் கோயிலில், கைகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே நிற்பவர் யார் என்று இந்த வாரமே பாருங்கள். அவரைத் தாண்டிவரச் சொல்லாதீர்கள். நீங்கள் போய்க் கம்புகளைப் பிடுங்கி, அவருக்குப் பின்னால் நடுங்கள்.