பக்கத்து வண்டி விசிலும் என் நான்காவது அத்தியாயமும்

முனைவர் பட்ட வைவாவுக்காகப் போன வாரம் திருச்சி போனேன். தேர்வு மதியம் இரண்டரைக்கு. திண்டுக்கல்லிலிருந்து காலை ரயிலில் ஒன்றரை மணி நேரம். அரை நாள் கையில் இருந்ததால் ஸ்ரீரங்கம் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். உங்களுக்கும் இதையே சொல்வேன். அறைக்குள் உட்கார்ந்து நகம் கடிப்பதைவிட இது மேல்.

ஜங்ஷனிலேயே ஒன்றாம் நம்பர் பஸ் கிடைத்தது. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சத்திரம் பேருந்து நிலையத்தில் ஆள் ஏற்ற நின்றபோது கண்டக்டர் இறங்கி "ஸ்ரீரங்கம், ஸ்ரீரங்கம்" என்று கூவிக்கொண்டிருந்தார். எங்கோ இரண்டு விசில் கேட்டது. டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். கண்டக்டர் ஓடிவந்து தொற்றி ஏறினார்.

"நான் ஊதவே இல்லண்ணே. அது பக்கத்து வண்டி விசிலு."

"விசில்ல பேரா எழுதியிருக்கு? ரெண்டு கேட்டா எடுக்க வேண்டியதுதான்."

பஸ்ஸே சிரித்தது, நானும்தான். ஆனால் காவிரிப் பாலம் வருவதற்குள் பையிலிருந்து ஆய்வேட்டை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

என் ஆய்வு நரம்பணுக்களைப் பார்த்து உருவாக்கிய ஒரு கணக்கீட்டு மாதிரி பற்றியது. அதில் செல்கள் ஒன்றுக்கொன்று ஒரே மாதிரியான துடிப்பைத்தான் அனுப்பும். எத்தனை துடிப்பு, எவ்வளவு இடைவெளி என்பதில்தான் செய்தி. இதை வைத்தே எந்தக் கணினி போடும் கணக்கையும் போட்டுவிடலாம் என்று முன்பே நிரூபித்திருக்கிறார்கள். வேண்டாத துடிப்பை அழிக்க அவர்கள் வைத்தது 'மறத்தல் விதி'. என் மாதிரிக்கு அது இல்லாமலே அதே ஆற்றல் உண்டு என்பது என் நான்காவது அத்தியாயம். ஒரே எண்ணிலிருந்து கழிக்கும் இரண்டு பகுதிகள் அதில் உண்டு. ஒன்றுக்கான துடிப்பு மற்றதற்கும் போகும். அதை மறக்கத் தெரியாத அந்தப் பகுதியும் தனக்கு வந்ததென்று நினைத்து, அந்த டிரைவரைப் போலவே வண்டியை எடுத்துவிடும். இரண்டையும் தனித்தனியாகச் சரிபார்த்த நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

கோயிலில் இலவச வரிசை ஒன்றேகால் மணி நேரம். ரங்கநாதர் மன்னிக்க வேண்டும், நான் செல்களையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓட்டை அடைபடவில்லை. மறைத்தால் பட்டம் நிச்சயம், சொன்னால் சந்தேகம்தான்.

தேர்வறையில் சொல்லிவிட்டேன். கரும்பலகையில் படம் போட்டு, "மறத்தல் விதி இருந்தா நிரூபணம் நிக்குது மேடம். இல்லாம முடியுமான்னு எனக்குத் தெரியல. அந்த முடிவை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றேன்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் படத்தையே பார்த்தார். "நாங்க யாரும் இதைக் கேக்கலையேம்மா?"

"நான் கேட்டுக்கிட்டேன் மேடம்."

வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். வைவாவுக்குப் போகிறவர்கள் தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள், அந்த வராந்தாவில் தொண்டை வறண்டுவிடும். அந்த டிரைவருக்கு மனதார நன்றி சொல்லிக்கொண்டு நின்றேன். தெரியாமலே பட்டம் வாங்கியிருந்தால் என்றைக்காவது வேறு யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்.

கதவைத் திறந்தவர் என் நெறியாளர். அத்தியாயத்தைத் திருத்தி எழுதித் தந்தால் பட்டம் உண்டு என்றார். ஆறு வருடமாக என்னை "வாம்மா" என்றே கூப்பிட்டவர், கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, "உள்ள வாங்க" என்றார்.