கேஷ்பேக் கார்டும் ஒரு பாக்கெட் தேயிலையும்

கேஷ்பேக் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டுவது லாபமா நட்டமா என்று காலையிலிருந்து குழம்பிக்கொண்டிருக்கிறேன்.

வங்கிக்குப் போன் செய்தேன். பேசிய பெண், "இன்னும் கொஞ்சம் செலவழிச்சீங்கள் எண்டா கட்டணம் எடுக்க மாட்டம், மிஸ்" என்றார்.

மிச்சம் பிடிக்கச் செலவழிக்க வேண்டும். சரி.

பள்ளிக்கூடம் விட்டதும் தலவாக்கலையில் வழக்கமான பலசரக்குக் கடைக்குப் போனேன். இந்த மாதச் சாமான் மொத்தத்தையும் வாங்கிவிட்டு, கம்பீரமாகக் கார்டை நீட்டினேன்.

கடை முதலாளி அதைத் தொடவே இல்லை. "கார்டுன்னா மூணு பர்சன்ட் கூட வரும் டீச்சர்."

கார்டு எனக்குத் திருப்பித் தருவதோ இரண்டு சதவீதம். கட்டணத்தைத் தவிர்க்க நட்டப்படுவதா, நட்டத்தைத் தவிர்க்கக் கட்டணம் கட்டுவதா? எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

"காசா குடுத்துருங்க டீச்சர். ஒரு பாக்கெட்டு தேயில சும்மா தாரேன்" என்றார்.

சும்மா என்றதும் கை தானாகப் பர்ஸுக்குள் போய்விட்டது.

வீட்டில் அம்மா பையைப் பிரித்தார். அம்மா இன்னமும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். மாதாமாதம் அங்கே கொடுக்கும் தேயிலைத் தூளே அலமாரியில் சேர்ந்து கிடக்கிறது.

"ஏன்டி, தோட்டத்து லயத்துல இருந்துக்கிட்டு கடையில போயா தேயில வாங்கிட்டு வந்த?"

"வாங்கலம்மா. சும்மா குடுத்தாங்க."

"சும்மா குடுக்க அவருக்கு என்னா கிறுக்கா?"

பாக்கெட்டை அலமாரியில் மற்றத் தூளோடு சேர்த்து வைத்தேன்.

கார்டை வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சரியாகச் சொல்பவருக்கு ஒரு பாக்கெட் தேயிலை. ஆண்டுக் கட்டணம் கிடையாது.