லண்டன் கதவைச் சாத்திய வருஷம்

என் மனைவி லண்டனுக்குப் போகக் கூடாது என்று நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் அவள் முன்னேற்றத்தைக் கெடுத்த பாவி ஆகிவிடுவேன். அவள் சிவகாசியில் ஒரு ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு நர்ஸ். நான் சாத்தூர்ப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். மகளுக்கு அப்போது இரண்டு வயது. முதலில் அவள் மட்டும் போக வேண்டும், எங்களைக் கூப்பிட்டுக்கொள்ள இரண்டு வருஷமாவது ஆகும் என்றார் அவளை லண்டன் ஆஸ்பத்திரி வேலைக்கு அனுப்பவிருந்த ஏஜென்ட். அதற்குள் பிள்ளைக்கு அம்மா முகம் மறந்துவிடாதா? இந்த ஒரு கேள்வி என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

வெளிநாடு போகிறவர்களுக்கு எங்கள் சபையில் வழியனுப்பு ஜெபம் உண்டு. டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் வைப்பார்கள். போதகர் மாற்றலாகிப் போகவிருந்ததால், அவர்தான் ஜெபம் பண்ண வேண்டும் என்று என் மாமியார் ஒற்றைக்காலில் நின்றார். விசா வருவதற்கு முன்பே வைத்துவிட்டோம். சபைப் பெண்கள் ஊறுகாயும் இட்லிப் பொடியுமாகக் கொண்டுவந்து குவித்தார்கள். அவள் வேலையையும் விட்டாள்.

அடுத்த மாதமே அந்த நாட்டு அரசாங்கம் விதியை மாற்றியது. அது இரண்டாயிரத்து ஆறு. அங்கே படித்து முடித்த நர்சுகளுக்கே வேலை இல்லையாம், வெளிநாட்டு நர்சுகள் இனி வேண்டாமாம். எந்த மந்திரியோ எங்கோ போட்ட கையெழுத்து, எங்கள் ஊரான அச்சங்குளத்துக்குப் பஸ்ஸைப் பிடித்து வந்து வீட்டு வாசலில் இறங்கியது. ஏஜென்ட் போனில் சொன்னதைக் கேட்டு அவள் கட்டிலில் விழுந்து அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"ஜெபம் பண்ணி அனுப்பி வச்சவ இங்கனயே உக்காந்திருந்தா சபையில என்ன நினைப்பாக?" என்று அவள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கே வரவில்லை. லண்டனுக்குப் போக வேண்டிய ஊறுகாயை நாங்கள் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டோம்.

பட்டாசு சீசன் சூடு பிடித்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் விட்டார்கள். வார்டு நிறைந்துவிட்டதாம். முணுமுணுத்துக்கொண்டே போனாள். முதல் நாள் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோன நான் வார்டு வாசலிலேயே நின்றேன். தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் கை வெந்துபோன பெண் ஒருத்தி மாதக்கணக்கில் அங்கே படுத்திருந்தாள். அவளுக்கு என் மனைவி கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க போனப்புறம் கட்டுப் பிரிக்கிறப்பல்லாம் உசிரே போச்சு சிஸ்டர். லண்டனுக்குப் போயிட்டீகன்னு சொன்னாகளே?"

"போகலக்கா. ஆள் வேண்டாம்னுட்டாக."

"வேண்டாம்னுட்டாகளா?" அந்தப் பெண் நல்ல கையை மேலே தூக்கினாள். "அவுக பிள்ளைகுட்டியோட நல்லா இருக்கணும், சாமி!"

என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

அன்று சாயங்காலம் அவளோடு வீட்டுக்குத் திரும்பும் வழியில் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றாள். "அன்னைக்கே ஒங்க மூஞ்சியில தெரிஞ்சுச்சு."

"கோவமா?"

"இருந்துச்சு. இன்னைக்கு மத்தியானம் வரைக்கும்."