மூன்றாவது சுற்று

கொல்லங்கோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். நெல் விவசாயி ஒருவர், தன் மகள் படித்த காலத்துப் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஸ்விட்ச் போட்டால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்குமாம். இரண்டு தடவை அணைத்துப் போட்டால் மூன்றாவதில்தான் திறக்குமாம்.

ஹார்ட் டிஸ்க்கை இயக்கும் டிரைவர் மென்பொருள் அரதப் பழசு. புதியதை ஏற்றினேன். முதல் தடவையிலேயே திறந்தது. அவர் உடனே அணைத்தார். மறுபடி போட்டு, மறுபடி அணைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, அதுதான் வந்துருச்சில்லீங்க?"

"மொதத் தடவையே வந்தா நம்பக்கூடாதுங்க தம்பி. எங்க தண்ணி எறைக்கற டீசல் எஞ்சின், கைப்புடியப் போட்டுச் சுத்துனா மூணாவது சுத்துலதான் புடிக்கும். மொதச் சுத்துலயே புடிச்சுதுன்னா பாதி வயலு நனையறதுக்குள்ள நின்னுரும்."

தினமும் இப்படியே இரண்டு தடவை பாதியில் அணைத்ததில் டிரைவர் கெட்டுப்போய், பத்தே நாளில் மறுபடி கொண்டுவந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு டிரைவரை மறுபடி ஏற்றினேன். கையில் கொடுக்கும்போது சொன்னேன்:

"ரெண்டு சுத்து உள்ளயே சுத்தி வெச்சுட்டேனுங்க. இனி எப்பப் போட்டாலும் அது மூணாவதுதானுங்க."

அவர் முகம் தெளிந்தது.

"இத அன்னிக்கே பண்ணியிருந்தா ஒரு நடை மிச்சமாயிருக்குமில்லீங்க?"