தெரியாதவர்கள் இடது கை

புத்தகத்தைத் திறக்கச் சொன்ன பிறகு எங்கள் சமூக அறிவியல் டீச்சர் ஒரு வரிகூட வாசிப்பதில்லை. "படத்தைப் பாருங்க. இதுல யாரைக் காணோம்?" என்பார். எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தில் ஒரு பாலத் திறப்பு விழாப் படம் இருக்கிறது. ரிப்பன் வெட்டுகிறவர், அவருக்குக் கத்தரிக்கோல் நீட்டுகிறவர், சுற்றி நின்று கைதட்டுகிறவர்கள். பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: "கட்டினவங்களைக் காணோம் டீச்சர்." "அட, ஆமா! எங்க போயிட்டாங்க?" என்று இவர் நிஜமாகவே தெரியாதவர் மாதிரி கேட்பார். அவ்வளவுதான், நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

நான் பக்கத்து அறையில் கணக்கு நடத்துகிறேன். நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. என் பிள்ளைகள் சமன்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் சந்தைக்கடையாக இருந்தால் எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? தடுப்பைத் தட்டுவேன். "சாரி டீச்சர், இப்பதான் சூடு பிடிச்சுது!" என்று பதில் வரும். மன்னிப்புக் கேட்கிற குரலா அது?

எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்று கேட்பதால் ஆசிரியர் அறையில் அவருக்கு 'ஏன் டீச்சர்' என்று பெயர். குள்ளமான உருவம். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூல் போட்டுக் கட்டியிருப்பார். மதியச் சாப்பாட்டை ஜன்னலோரம் நின்றுகொண்டே முடிப்பார். உட்கார்ந்து சாப்பிட்டால் தூக்கம் வருமாம். அடுத்தவர் பேசி முடிக்கும் வரை பொறுக்கவே தெரியாது. எந்த வருஷமும் பாடத்தை உரிய காலத்தில் முடித்ததில்லை. பரீட்சை நெருங்கியதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, மிச்சத்தை விழுந்தடித்து நடத்துவார். அவருடைய கணவர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர், சாது. "டீச்சரைக் கட்டிக்கிட்டேன்னுதான் நெனச்சேங்க. வீட்டுக்குப் போனா தினமும் விசாரணை நடக்குது" என்று ஒருமுறை என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

புத்தகத்தில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் எழுதிய விடைத்தாளுக்கு இவர் மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் 'இதில் நீ எங்கே?' என்று எழுதுவார். ஒரு பையனின் அம்மா அதைப் பார்த்துவிட்டு அலறியடித்துக்கொண்டு வந்தார். "எங்கேன்னா என்ன டீச்சர் அர்த்தம்? என் பையன் அன்னைக்கு ஸ்கூலுக்கு வந்தானே!" இவர் சிரிக்கவில்லை. அந்த அம்மாவை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசி அனுப்பினார். பிள்ளைகளிடமும் இதே பாட்டுதான். "என் கேள்வியை எனக்கே திருப்பிக் குடுக்காதே. உனக்குன்னு ஒண்ணு இல்லாமயா போகும்?" இவரைப் போலப் பேசிக்காட்டி நல்ல பெயர் வாங்கப் பார்க்கிற பிள்ளைகளைக் கண்டால் இவருக்கு ஆகவே ஆகாது.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. கல்வி அதிகாரிகள் ஆய்வுக்கு வருவதற்கு முந்தைய வாரம் எல்லா வகுப்பிலும் ஒத்திகை நடக்கும். அதிகாரி கேள்வி கேட்டதும் எல்லோரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. ஆசிரியர் வலது கைக்காரர்களாகப் பார்த்து எழுப்புவார். அதிகாரிக்கு வகுப்பு முழுக்கக் கையாகத் தெரியும். அவரும் மனம் நிறைந்து போவார். பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறலாம், ஆனால் இதில் மட்டும் ஒருவரும் தப்புச் செய்ததில்லை. தெரியாததை மறைக்க இவ்வளவு அக்கறையாகச் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்குப் பள்ளிக்கூடம் என்று பெயர் வைத்திருக்கிறோம்!

இந்த வருஷம் 'ஏன் டீச்சர்' ஒத்திகை நடத்த மாட்டேன் என்றார். "தெரியாதுன்னு சொல்றதுக்குத்தான சார் ஸ்கூலுக்கு வருதுங்க?" என்று தலைமையாசிரியரிடமே கேட்டார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, தானே அந்த வகுப்புக்குப் போய் மூன்று தடவை கை தூக்க வைத்துவிட்டு வந்தார்.

ஆய்வு நாளன்று அதிகாரி ஏதோ ஒரு ஆற்றைப் பற்றிக் கேட்டாராம். எல்லாக் கையும் மேலே போயிற்று. யாரை எழுப்புவது என்று இவர் சொல்லாமல் நிற்கவே, அதிகாரி தானாக ஒரு பெண்ணைக் கைகாட்டினார். அவள் தூக்கியிருந்தது இடது கை. அதற்குப் பிறகு நடந்தது தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கே தெளிவாகக் கேட்டது.

"எனக்குத் தெரியாது சார். தெரியாதவங்க இந்தக் கையைத் தூக்கணும்னு சொன்னாங்க. தெரியாதுன்னு சொன்னா யாராவது சொல்லிக்குடுப்பீங்க. கையைத் தூக்கிட்டா யாரு சார் சொல்லிக்குடுப்பா?"

அதிகாரி சிரித்தார். "கெட்டிக்காரப் பொண்ணு" என்றார். தலைமையாசிரியர் அறையில் குளிர்பானம் குடித்தார், நன்றி சொன்னார், காரில் ஏறிப் போய்விட்டார். ஒரு குழந்தை கேட்ட கேள்விக்கு அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் தாளாளர் அறைக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். சத்தம் கேட்ட சாட்சி என்று என்னையும். அந்தப் பெண்ணின் அப்பா கிடங்கில் சுமை ஏற்றுகிறவர். வேலைச் சட்டையோடு வந்து மகளுடன் கதவோரம் நின்றார். பார்த்தால் அவருக்குத்தான் ஏதோ தண்டனை என்று தோன்றும்.

"ஏம்ப்பா, பதிமூணு வயசுப் பொண்ணுக்கு இதெல்லாம் சொந்தமா வருமா? யாரோ தூண்டிவிட்டிருக்காங்க" என்று தாளாளர் ஆரம்பித்தார். "யாருன்னு சொன்னா பொண்ணு இங்கயே படிக்கலாம். சொந்தமாத்தான் பேசினான்னா, இப்பவே டி.சி.யை வாங்கிட்டுப் போயிடலாம்."

"எங்க வீட்ல இவதாங்க முதல்ல எட்டாவது வரைக்கும் வந்தவ" என்றார் அப்பா.

எல்லோரும் 'ஏன் டீச்சரை'ப் பார்த்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"நான்தான் சார் சொல்லிக்குடுத்தேன். அப்படியே ஒப்பிச்சா" என்றார்.

பச்சைப் பொய். அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும். எந்தப் பிள்ளையையும் எதையும் ஒப்பிக்க விடாத மனுஷி, ஒரு பிள்ளையின் இடத்தைக் காப்பாற்ற, அந்தப் பிள்ளையையே ஒப்பிக்கிறவள் என்று சொல்ல வேண்டியிருந்தது. தாளாளர் முகத்தில் திருப்தி வந்தது பாருங்கள், எனக்கு மேஜை மேலிருந்த கண்ணாடி உருண்டையை எடுத்து எறியலாம் போலிருந்தது. அவருக்கு வேண்டியது உண்மை இல்லை. ஒரு பெண் குழந்தை தானாக யோசித்தாள் என்பது இல்லாமல் போக வேண்டும், இந்த டீச்சரும் வேலையை விட்டுப் போக வேண்டும். ஒரே வாக்கியத்தில் இரண்டும் கிடைத்துவிட்டன.

"அப்புறம் என்ன, நீங்க ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுக் கிளம்புங்க டீச்சர். பொண்ணு கிளாஸுக்குப் போகட்டும்" என்றார்.

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் பெண் நகரவில்லை. கன்னமெல்லாம் சிவந்து, 'ஏன் டீச்சரை' அப்படிக் கோபமாகப் பார்த்தாள். தாளாளரைக்கூட அவள் அப்படிப் பார்க்கவில்லை.

"ஏன் டீச்சர் பொய் சொல்றீங்க? அது என்னோட கேள்வி. நானாத்தான்—"

அதற்குள் அப்பாவின் கை வந்து அவள் வாயைப் பொத்திவிட்டது. மூட்டை தூக்கிக் காய்த்துப்போன பெரிய கை; மூக்குக்குக் கீழே முகமே தெரியவில்லை. "சின்னப் பொண்ணுங்க, தெரியாமப் பேசுது" என்றார் அவர். பிறகு 'ஏன் டீச்சரை'ப் பார்த்தார். 'நீங்கதான் சொல்லிட்டீங்களே, இதோட விட்டுடுங்க' என்று அவர் கண் கெஞ்சியது. கைக்குள்ளே அவள் இன்னும் ஏதோ பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

'ஏன் டீச்சர்' எழுந்து அவர்கள் அருகில் போனார். அந்த அப்பாவின் விரல்களை, நோகாமல், ஒவ்வொன்றாக அவள் வாயிலிருந்து எடுத்துவிட்டார்.