சாட்சிக் கையெழுத்து

வீட்டு வசதி அலுவலகத்தில் அவளைப் ‘பசை’ என்றுதான் கூப்பிடுவோம். பத்தொன்பது வருடமாகக் கோப்பறையில் கிழிந்த கோப்புகளை ஒட்டுகிறாள்; விரல் நுனியில் எப்போதும் காய்ந்த பசை இருக்கும். நான் தட்டச்சுப் பிரிவு. இருவருக்கும் நாற்பத்தொன்று, இருவருக்கும் கல்யாணமில்லை. மதியம் ஒரே மேசையில் சாப்பிடுவோம்.

கட்டடத்து லிஃப்டைப் பழுது பார்ப்பவருக்கு அவள்மேல் பிரியம். அவளைப் பார்க்கத்தான் அந்த லிஃப்ட் அடிக்கடி நிற்கிறது என்று அலுவலகமே சொல்லும். ஆனால் அவருக்கு ஒற்றை அறை வீடு. அதில் அம்மாவும் இரண்டு தங்கைகளும். தங்கைகளைக் கட்டிக்கொடுக்கட்டும், ஒரு வீடு அமையட்டும் என்றே பதினோரு வருடம் ஓடிவிட்டது. இலவு காத்த கிளிதான் என்று நினைத்து நான் உள்ளூர நிம்மதியாக இருந்தேன். ஆமாம், பொறாமைக்காரிதான் நான்.

கடைசித் தங்கையும் கல்யாணமாகிப் போனாள். போன திங்கட்கிழமை பசை வந்து நின்றாள்.

"வெள்ளிக்கிழமை பதிவு பண்றோம்டி. நீதான் சாட்சிக் கையெழுத்து போடணும்."

வயிறு எரிந்தது. சிரித்துவைத்தேன்.

மறுநாள் அதிகாரி ஓர் உத்தரவைத் தட்டச்சு செய்யக் கொடுத்தார். திருமண வயது தள்ளிப்போவதைக் கருத்தில்கொண்டு, புதுமணத் தம்பதியருக்கான வீட்டு ஒதுக்கீட்டில் வயது வரம்பு முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தைந்தாக உயர்கிறது. அடுத்த ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து பதிவாகும் திருமணங்களுக்கு மட்டும். அதற்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. வெள்ளிக்கிழமை பதிந்தால் பசைக்கு வீடு கிடையாது.

உத்தரவு வெளியாகும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது விதி. எத்தனையோ விதிகளை மீறியவள், இதை மட்டும் கண்ணும் கருத்துமாகக் காத்தேன். ஒருத்திக்கே புருஷனும் வீடுமா? முப்பது வயதில் என்னைக் கேட்டு வந்த அச்சகக்காரரை, வீடு இல்லை என்று திருப்பி அனுப்பியவள் நான்.

வெள்ளிக்கிழமை பதிவாளர் அறையில் பசை என் பக்கத்தில் உட்கார்ந்தாள். விரல்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தாள், தோல் சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. இருவரையும் வெளியே கூட்டிப்போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"உனக்கு எப்போ தெரியும்?" என்றாள்.

"செவ்வாக்கிழமை."

"அதான் மூணு நாளா நீ சரியா சாப்பிடலையா?"

"வீடு கெடைக்கும்னா மூணு மாசம்தானே..." என்று லிஃப்ட்காரர் இழுத்தார்.

"வீடு வீடுன்னு பதினோரு வருஷம் போயாச்சு. குழந்தை வேணும்னா இந்த வயசுல ஒவ்வொரு மாசமும் முக்கியம்னு டாக்டரம்மா சொல்றாங்க. உங்க அம்மா கட்டிலுக்குப் பக்கத்துல நமக்குப் பாய் விரிக்க இடம் இருக்கா, இல்லையா?"

"இருக்கு," என்றார் அவர்.

இருவரும் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார்கள். பதிவேடு என் பக்கம் வந்தது. அவளுக்கு வீடு கிடைத்துவிடுமே என்றுதான் மூன்று நாள் எரிந்தேன். வீடு வேண்டாம் என்று அவள் சொன்ன பிறகுதான் தாங்க முடியவில்லை. அச்சகக்காரரிடமும் ஒரு பாய் விரிக்க இடம் இருந்திருக்கும். நான் கேட்கவே இல்லை.

சாட்சி என்று போட்டிருந்த இடத்தில் என் பெயரை எழுதினேன்.